அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

நான் எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடித்ததில்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. முதலியார்பேட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவளை, ஆசிரியர்களுக்கே பாடம் எடுக்கிறவளாக ஆக்கியதும் அந்தப் பெயர்தான். அடங்காத பிள்ளைகளை அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுப்பது இப்போது என் வேலை. பயிற்சித் தாளில் ‘அடங்காத’ என்று எழுத மாட்டோம், ‘சவாலான நடத்தை’ என்று எழுதுவோம். வார்த்தையை மாற்றினாலே பாதி வேலை முடிந்த மாதிரி எங்களுக்கு ஒரு திருப்தி.

எல்லாப் பயிற்சியிலும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வேன். சொல்லி முடித்ததும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, அரங்கத்தின் ஏதோ ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றும். பன்னிரண்டு வயது, நீல ரிப்பன், தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் மாறினாலும் அரங்கம் மாறினாலும் வந்துவிடுவாள். பிடித்த மாணவி, அதனால் நினைவில் நிற்கிறாள் என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பிடித்த மாணவியை நினைக்கும்போது யாருக்கும் உள்ளங்கை வேர்க்காது.

அவள் தேங்காய்த்திட்டுப் பெண். அப்பா படகுக்குப் போகிறவர். அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்பாள். என் வகுப்பில் அவள் பண்ணாத அட்டகாசம் கிடையாது. பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் நுழைந்து அந்தக் கோடியில் எழுந்திருப்பாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை ஒடிப்பாள். கேள்வி கேட்டால் சிரிப்பாள். திடீரென்று எழுந்து குழாயடிக்கு ஓடிப்போய்த் தலையை நனைத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை தையல் மிஸ்ஸின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். அதைக் கேட்டு ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சிரித்தோம், ஏனென்றால் தையல் மிஸ்ஸை எங்களுக்கும் பிடிக்காது. ஆனால் அவளை வைத்துக்கொண்டு ஒரு பீரியட் ஓட்டுவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

டீச்சர் இல்லாத நேரத்தில் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்களின் பெயரை எழுதிவைப்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள பழக்கம்தான். எச்சரித்தும் பேசினால் பெயருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் வெளியே நிற்க வேண்டும். அவள் பெயர் இல்லாத நாளை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பாடம் முடியவில்லை என்று எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்திருந்தார். எரிச்சலோடு வகுப்புக்கு வந்தேன். பலகையில் ஒரே ஒரு பெயர். நேராக ஒன்பது குறி. அவள் எழுந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

“நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. இல்லன்னா கிளாசுக்குள்ள கால் வைக்காத.”

எதற்கும் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை. “அம்மாவக் கூட்டிக்கினு வரட்டா மிஸ்?” என்றாள்.

“அப்பாவைத்தான்” என்றேன்.

ஏன் அப்பாவைக் கேட்டேன் என்பதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மா வந்தால் அழுவாள், அப்பா வந்தால் அடிப்பார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் இது தெரியும். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த புதிது அது. பிரம்புகள் எல்லாம் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கு அப்பாக்கள் அதிகமாக வரத் தொடங்கினார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டோம், அடிப்பதற்கு ஆளை வரவழைத்தோம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு வருடம் ஆனது.

மறுநாள் அவர் வந்தார். வராந்தாவில் நின்றபடியே நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சொன்னேன், எதுவும் விட்டுப்போகக் கூடாது அல்லவா. பென்சில், குழாயடி, தையல் மிஸ், ஒன்பது குறி. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்புப் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் முடித்ததும் அவர் நிமிர்ந்து திரும்பி அவளை அறைந்தார். ஒரே அறைதான். அவள் சுவரில் மோதி நின்றாள்.

“அடிக்காதீங்க” என்றேன். அடித்த பிறகு சொன்னேன்.

“இனிமே ஏதாச்சும் பண்ணா சொல்லியனுப்புங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்” என்றார். “ரொம்ப நன்றிங்க” என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் மாறிப்போனாள். பெஞ்சுக்கு அடியில் நுழையவில்லை, ஓடவில்லை, சிரிக்கவும் இல்லை. பரிசு கொடுப்பதுபோல அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “பாருங்க, எப்படிக் கவனிக்கிறா” என்று மற்ற பிள்ளைகளுக்கு அவளைக் காட்டுவேன்.

பயிற்சிகளில் நான் சொன்ன கதையில் அந்த அறை கிடையாது. “தந்தையை வரவழைத்துப் பேசினேன். ஒரே சந்திப்பு. ஒரே வாரத்தில் மாற்றம். நான் அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவில்லை.” இவ்வளவுதான். பொய் என்று ஒரு வரியையும் காட்ட முடியாது. அப்படி வெட்டி வைத்திருந்தேன். இப்போதெல்லாம் முழுதாகச் சொல்கிறேன், யாரும் கை தட்டுவதில்லை.

போன ஜூலையில் ஒரு பயிற்சி. நம் ஊரிலேயே, உயரமான மரச்சன்னல்கள் வைத்த ஒரு பழைய கட்டடத்தில். நாற்பது பேர் இருப்பார்கள். அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதிலிருந்து பயிற்சிக்குப் பஞ்சமில்லை, வருகிறவர்களுக்கும் அலுத்துவிட்டது. பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். அவர்களை எழுப்புவதற்காகவே என் கதையை எடுத்தேன். வழக்கம்போலக் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் இளம் ஆசிரியை மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

தேநீர் இடைவேளையில் சமோசா தட்டோடு நான் சன்னல் பக்கம் ஒதுங்கியபோது வந்து நின்றாள்.

“மிஸ், என்னைத் தெரியுதா?”

தெரியவில்லை. “தெரியாம என்னம்மா” என்றேன். வாத்தியார்கள் எல்லோரும் சொல்கிற பொய்தான்.

“செவன்த் பி லீடர் மிஸ் நான்.”

ரெட்டைப் பின்னலும் கையில் சாக்பீசுமாக ஒரு முகம் மெல்ல வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மாணவி ஒருத்தி டீச்சராகி என் பயிற்சிக்கே வந்திருக்கிறாள். தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு அவ பேசவே இல்ல மிஸ்.”

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

“அவ பேரை நான் காலையிலயே போர்டுல எழுதிடுவேன் மிஸ். தினமும் எழுத வேண்டியதுதானேன்னு. கிளாஸ்ல யாரு சத்தம் போட்டாலும் அவ பேருக்கு நேரா ஒரு குறி போட்டுடுவேன். மத்தவங்க பேரை எழுதினா இன்டர்வெல்ல சண்டைக்கு வருவாங்க. அவ வரமாட்டா.”

“ஒன்பதுமா?”

“ஒன்பதும்தான். அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல் மிஸ். பெஞ்சுல தலையைக் கவுத்துப் படுத்துக்கினே இருந்தா.”

கண் சிவந்திருந்தது காய்ச்சலால். என் கையிலிருந்த சமோசாவை என்ன செய்வதென்று தெரியாமல் சன்னல் கட்டையில் வைத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சண்டைக்குப் பயந்து செய்தது அது. அவளை என்ன சொல்ல? அந்தப் பலகையைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு தாளில் எழுதி வாசித்தவள் நான்.

“இன்னொன்னு மிஸ்” என்றாள். “அவளுக்கு இடது காது கேக்காது. அவங்கப்பா வந்துட்டுப் போன அன்னையிலேர்ந்து.”

வெளியே தெருவில் ஓர் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னது சரியாக விழவில்லை என்று நினைத்து, “என்னம்மா?” என்றேன். விழுந்திருந்தது.

“வீட்டுக்குப் போனதும் காதுலேர்ந்து ரத்தம் வந்துச்சாம். அவங்கம்மா கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாங்க. உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்குதுன்னு மருந்து குடுத்து, மறுபடியும் வரச் சொன்னாங்களாம். இவங்க போகல. அவங்கம்மாவுக்கு ஒரு நாள் ஏலம் விட்டுப்போனா அந்த வாரமே போச்சு. நான் அவ பக்கத்துலதானே மிஸ் உக்காருவேன். இந்தப் பக்கம் கூப்பிட்டா திரும்பவே மாட்டா. உங்க வாயைப் பாத்துத்தான் பாடத்தைப் புரிஞ்சிக்குவா.”

தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்திருக்கிறாள். அதை நான் நாற்பது பிள்ளைகளுக்குக் கவனம் என்று காட்டினேன். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன்.

“என்கிட்ட ஏம்மா சொல்லலை? ஒரு வார்த்தை?”

“சொல்லக் கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா மிஸ். சொன்னா நீங்க மறுபடியும் அப்பாவைக் கூப்பிடுவீங்கன்னு.”

சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். நேரு வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறாள் என்றாள். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே, என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் கேட்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

“உங்களைப் பத்தி நல்லாத்தான் சொல்லுவா மிஸ். முன்னாடி பெஞ்சுல உக்கார வச்சாங்க, அதனாலதான் டென்த் பாஸ் பண்ணேன்னுவா.”

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கடைப் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

“நான் இதைச் சொல்றதுக்கு வரல மிஸ்” என்றாள் அந்த இளம் ஆசிரியை. குரல் இறங்கியிருந்தது. “என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்குது. அஞ்சாவது. நோட்டைக் கிழிக்குது, மத்த புள்ளைங்க மேல டிபன் பாக்ஸைத் தூக்கி அடிக்குது. எங்க எச்.எம். உங்க ட்ரெயினிங்குக்கு வந்தவங்க. உங்க கதையத்தான் எங்க எல்லார்கிட்டயும் சொல்வாங்க. ஒரே மீட்டிங், ஒரே வாரம்னு. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பொண்ணோட அப்பா வர்றாரு. அவரு எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியும். நான் என்ன பண்ணட்டும் மிஸ்?”

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு ஸ்லைடு இருக்கும். ‘பெற்றோரை ஈடுபடுத்துக’ என்று அன்று மதியம் நான் காட்டவிருந்த ஸ்லைடு கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது.

எச்.எம்.முடைய எண்ணை வாங்கி, வராந்தாவுக்குப் போய்க் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். விஷயத்தைச் சொன்னதும் தயங்கினார்.

“இப்ப எப்படி மேடம் வேணாம்ங்கறது? கொத்தனார் வேலை பாக்குறவரு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. இப்ப வராதீங்கன்னு சொன்னா, என்னமோ பெரிசா பண்ணிட்டா, டீச்சருங்க மறைக்குறாங்கன்னு வீட்லயே வச்சு வெளுத்துடுவாரு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நீங்களே அப்படித்தானே ஒரு பொண்ணைத் திருத்தினீங்க?”

“அந்தப் பொண்ணுக்கு ஒரு காது போயிடுச்சு” என்றேன்.

போனில் பள்ளி மணி அடிப்பது கேட்டது, பிள்ளைகள் ஓடுவது கேட்டது.

“ட்ரெயினிங்ல அதைச் சொல்லலையே மேடம்” என்றார்.

“சொல்லலை.”

மதியப் பயிற்சியை எப்படியோ ஒப்பேற்றினேன். அந்த ஸ்லைடைத் தாண்டிப் போய்விட்டேன். சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபின் கட்டடத்துப் படிக்கட்டில் நானும் அவளும் உட்கார்ந்து, மறுநாள் என்ன செய்வது என்று பேசினோம். அப்பாவை முதலில் உட்கார வைக்க வேண்டும். பிள்ளையை நடுவில் குற்றவாளியாக நிறுத்தக் கூடாது. ஒரு புகார்கூட வரக் கூடாது, ஒன்றுகூட. பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று, பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.

“நல்லதா என்ன மிஸ் சொல்றது?” என்று வெகுநேரம் யோசித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி யாரும் எங்களை அப்படிக் கேட்டதே இல்லை. கடைசியில், “ஒண்ணாவது புள்ளைங்க ஷூ லேஸ் அவிழ்ந்துச்சுன்னா இவதான் உக்காந்து கட்டி விடுவா” என்றாள்.

“அதைச் சொல்லு. அதை மட்டும் சொல்லு.”

மறுநாள் என் பயிற்சி வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். எச்.எம். அறையில் இரண்டு பீரோ, ஒரு மேசை, மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி. எச்.எம். எழுந்து வணக்கம் சொன்னார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் பீரோவை ஒட்டி நின்றாள். சின்ன உருவம். ஒரு பக்கம் சாக்ஸ் கீழே இறங்கியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தாள். அதன் பிறகு வாசலை மட்டும்தான் பார்த்தாள்.

பத்து மணிக்கு அவர் வந்தார். தேய்த்த சட்டை, தண்ணீர் போட்டு வாரிய தலை. நகக்கண்ணில் மட்டும் சிமெண்ட் இருந்தது. வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்வை. நின்றபடியே, “இன்னா டீச்சர் பண்ணுச்சு?” என்றார். உட்காரச் சொன்னோம். இரண்டாவது முறை சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள் இளம் ஆசிரியை. குரல் நடுங்கியது. ஆனால் சொன்னாள். “சின்னப் புள்ளைங்களுக்கு உங்க பொண்ணு ஷூ லேஸ் கட்டி விடுறாங்க. யாரும் சொல்லாமலே போய் உக்காந்து கட்டுவாங்க. அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்.”

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்குப் பின்னால் இன்னொன்று வரப்போகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

“இதுக்கா டீச்சர் வேலையை விட்டுட்டு வரச் சொன்னீங்க?”

“ஆமாங்க, இதுக்குத்தான்” என்றேன்.

அவர் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். நான் மூச்சை விட்டேன். நடந்துவிட்டது, எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நினைத்தேன். உடனே, இதையும் ஒரு பயிற்சியில் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

நெற்றி வேர்வையைத் துடைக்க அவர் கையைத் தூக்கினார்.

பீரோ பக்கத்தில் அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடி, தோள்களைத் தூக்கி, முழங்கைகளால் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. பழகிப்போன வேகத்தில் செய்தாள்.

அவர் கை நெற்றிக்குப் போகாமல் பாதியில் நின்றது. மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். எச்.எம். மேசை மேல் இருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஏப்ரல்ல ஒரு தடவை இவரைக் கூப்பிட்டேன் மேடம். போன மாசமும் கூப்பிட்டேன்.”

நான் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். “ஒண்ணும் இல்லம்மா, கையை எடு” என்றேன். இரண்டு முறை சொன்னேன். காதை அப்படி அழுத்திப் பொத்தியிருந்தவளுக்கு நான் சொன்னது கேட்கவில்லை.